கருத்துக்குக் காசு, கைவேலைக்குக் கூலி: ஆன்லைன் சர்வேயும் டேட்டா என்ட்ரியும்

"வீட்டிலிருந்தபடியே மாதம் பதினைந்தாயிரம், செல்போன் இருந்தால் போதும்." பேருந்து நிலையத் தூண்களில் ஒட்டிய தாள்களிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் வரும் இத்தகைய விளம்பரங்களில் இரண்டு வேலைகளின் பெயர் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும்: ஆன்லைன் சர்வே, டேட்டா என்ட்ரி. ஒரே வரியில் அடுத்தடுத்து வருவதால் இரண்டும் ஒரே வகை வேலை என்று படிப்பவர் நினைத்துக்கொள்கிறார். ஆனால் ஒன்றில் காசு கிடைப்பது நம்மைப் பற்றிய தகவலுக்கு. மற்றதில் கிடைப்பது உழைப்புக்குக் கூலி. கூலி வரும் விதம், கழிபடும் விதம், ஏமாறும் விதம் எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் பிரிகின்றன. இது தெரியாமல் இறங்குவதால்தான் நம் வீட்டுப் பெண்களும் வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் மாதக்கணக்கில் நேரத்தையும் சில சமயம் நகையையும் இழக்கிறார்கள் என்பது என் முடிவு.

முதலில் சர்வே. ஒரு நிறுவனம் புதிய ஷாம்பு கொண்டுவர நினைக்கிறது. 25 முதல் 34 வயது வரையுள்ள, நகரத்தில் வாழும், சொந்தமாகக் கடைக்குப் போய் வாங்கும் பெண்கள் சில நூறு பேரிடம் கேட்க வேண்டும். அதற்கான ஆட்களைத் திரட்டித் தருவதுதான் யூகவ், டோலுனா, ஸ்வாக்பக்ஸ் போன்ற நிறுவனங்களின் தொழில். நாம் அவற்றில் பதிவு செய்யும்போது வயது, ஊர், வருமானம், குழந்தைகள், வீட்டில் இருக்கும் வண்டி என்று எல்லாம் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். சரக்கு அங்கேயே தயாராகிவிடுகிறது. பின்னால் வரும் கேள்விகளுக்கு நாம் சொல்லும் பதிலைவிட, எந்த வகை ஆளாக இருந்துகொண்டு அதைச் சொல்கிறோம் என்பதற்குத்தான் விலை.

ஒரு சர்வேயைத் திறந்தால் நடப்பது இதுதான். முதலில் வயது, அடுத்து பின்கோடு. "உங்கள் வீட்டில் யாராவது விளம்பரத் துறையிலோ பத்திரிகையிலோ சந்தை ஆய்விலோ வேலை செய்கிறார்களா?" ஆமாம் என்றால் அத்தோடு சரி. "கடந்த மூன்று மாதத்தில் கீழ்க்கண்டவற்றுள் எவற்றை வாங்கினீர்கள்?" வாஷிங் மெஷின், காப்பீடு, நாய்க்கு உணவு, விமான டிக்கெட். எதுவும் இல்லை என்று உண்மையைச் சொன்னால், "இந்த ஆய்வுக்கு நீங்கள் பொருந்தவில்லை, நன்றி" என்று திரை மூடிக்கொள்ளும். இது முதல் நிமிடத்தில் நடந்தால் பரவாயில்லை. எட்டாவது நிமிடத்திலும் நடக்கும். உங்கள் வயதுக்காரர்களின் ஒதுக்கீடு அதற்குள் நிரம்பியிருக்கும். நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. அந்த ஆய்வுக்குத் தேவையான ஆளாக நீங்கள் இல்லை, அவ்வளவுதான்.

உள்ளே போனவர்களுக்கும் சோதனை உண்டு. பத்து வரிக் கட்டம் ஒன்றில் நடுவில் ஒரு வரி, "இந்த வரியில் 'ஓரளவு ஏற்கிறேன்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும்" என்று இருக்கும். படிக்காமல் தட்டுபவர்களைப் பிடிக்க வைத்த பொறி அது. மிக வேகமாக முடித்தாலும், எல்லா வரிக்கும் ஒரே பத்தியில் புள்ளி வைத்தாலும் கணக்கு சந்தேகப் பட்டியலுக்குப் போய்விடும். அமெரிக்காவில் இருப்பதாகக் காட்டினால் அதிகம் கிடைக்கும் என்று விபிஎன் போட்டு நுழைபவர்கள் உண்டு. அவர்களும் பணம் எடுக்கும் நாளில்தான் மாட்டுகிறார்கள். அதுவரை சேர்ந்த புள்ளிகள் அத்தனையும் போய்விடும்.

டேட்டா என்ட்ரி என்ற பெயரில் பத்து விதமான வேலைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றுள் நம் ஊர்களில் உண்மையாக, தொடர்ந்து, நேர்மையான பணத்துக்கு நடப்பது ஒன்றைச் சொல்கிறேன். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததிலிருந்து சின்ன ஊர் ஆடிட்டர் அலுவலகங்களிலும் வரி ஆலோசகர்களிடமும் பில் குவியத் தொடங்கியது. மாதக் கணக்கு தாக்கல் செய்யும் கடைக்காரரின் விற்பனை விவரம் அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் ஏற வேண்டும். கடைக்காரர்கள் பலர் பில்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதை டாலியிலோ எக்செல்லிலோ ஏற்ற ஆள் வேண்டும். கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த பெண் ஒருவர் பாத்திரக் கடைகள், ஹார்டுவேர் கடைகள் இரண்டு மூன்றின் பில்களை இப்படி வீட்டில் வைத்து ஏற்றுகிறார்.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் இது "சும்மா பார்த்து அடிக்கிற" வேலை அல்ல என்பது புரியும். பில்லில் வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலக் குறி, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். பான் எண்ணில் முதல் ஐந்தும் ஆங்கில எழுத்து, அடுத்த நான்கும் எண், கடைசியில் மறுபடி ஓர் எழுத்து. அதன்பின் ஒரு பதிவு எண், வழக்கமாக வரும் 'இசட்', முடிவில் ஒரு சரிபார்ப்புக் குறி. கடைப் பையன் பேனாவால் கிறுக்கிய பில்லில் ஐந்தாவது இடத்தில் வட்டமாக ஒன்று இருக்கிறது. அது சைபரா, 'ஓ'வா? புதிதாக வந்தவர் அலுவலகத்துக்குப் போன் போடுவார். இவர் போன் போடுவதில்லை. ஐந்தாவது இடம் எழுத்துக்கு உரியது, ஆகவே 'ஓ'. ஒன்பதாவது இடமாக இருந்தால் சைபர். அலுவலகத்துத் தம்பி முதல் மாதத்தில், "அக்கா, ஒரு எழுத்து மாறினாக்கூட அந்தப் பார்ட்டிக்கு கிரெடிட் வராது, கடைக்காரர் நம்மள உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார், பாத்துப் போடுங்க" என்று சொன்னதோடு சரி. மற்றதெல்லாம் இவராகவே கற்றது. எண் தவறினால் வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு காட்டாது. அவர் விற்றவரிடம் சண்டைக்கு வருவார். இவர் விரலிலிருந்து போன ஒரு தவறு அத்தனை பேரைத் தொடும். அந்தப் பொறுப்புக்குத்தான் கூலி.

வருமானக் கணக்கைப் பார்ப்போம். சர்வே ஒன்றுக்கு 15 நிமிடம், அரை டாலர் என்று வைத்துக்கொள்வோம். டாலருக்கு 85 ரூபாய் என்றால் 42 ரூபாய் சொச்சம். பொருந்தவில்லை என்று வெளியேற்றியவை, தேடியவை, புள்ளி ஏறாமல் போனவை எல்லாம் சேர்த்தால் அந்த 42 ரூபாய்க்கு ஒரு மணி நேரம் போயிருக்கும். எட்டு மணி நேரத்துக்குப் பெருக்கினால் சுமார் 340 ரூபாய். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2024-25இல் நிர்ணயித்த நாள் கூலி 319 ரூபாய். பெருக்கிப் பார்க்கிறவர்கள் இந்த இடத்தில் மகிழ்ந்துவிடுகிறார்கள். ஆனால் இதைப் பெருக்கவே கூடாது. இந்தியாவில் இருப்பவருக்கு நாளெல்லாம் சர்வே வராது. வாரத்துக்குச் சில வரும், சில வாரம் ஒன்றும் வராது. பணமாக எடுக்கக் குறைந்தபட்ச வரம்பு ஒன்று இருக்கும். பல இடங்களில் கையில் வருவது பணமே அல்ல, கடைக் கூப்பன். 2017இல் இந்தியாவுக்கு வந்த கூகுள் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ், ஆண்ட்ராய்டு போனில் பதில் சொல்பவருக்குத் தருவது கூகுள் பிளேயில் மட்டும் செலவழிக்கக்கூடிய தொகை. அதை வைத்து அரிசி வாங்க முடியாது.

பில் வேலையில் கணக்கு வேறு. பில்லுக்கு இரண்டு ரூபாய் பேசியிருப்பதாகக் கொள்வோம். புதியவர் மணிக்கு 20 பில் ஏற்றினால் 40 ரூபாய், சர்வேயை ஒட்டிய தொகைதான். ஆறு மாதம் பழகிய கை அதே மணி நேரத்தில் 40 பில் ஏற்றும். வாங்குபவர்களின் பெயர்கள் டாலியில் ஏற்கெனவே இருக்கும். பொருள் பெயரும் வரி விகிதமும் மனப்பாடமாகியிருக்கும். கூலி விகிதம் ஏறாமலேயே வருமானம் இரட்டிக்கிறது. சர்வேயில் இது நடக்கவே நடக்காது. ஆயிரம் சர்வே முடித்தவருக்கும் நேற்று சேர்ந்தவருக்கும் அதே அரை டாலர்தான். சொல்லப்போனால் பழகியவருக்கு மதிப்புக் குறைகிறது. ஆய்வாளர்களுக்கு வேண்டியது சாதாரண மனிதரின் பதில். சர்வே எழுதியே பழகிய ஆளைக் கண்டால் அவர்கள் ஒதுக்கப் பார்ப்பார்கள். கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள விலை இறங்கும் ஒன்றை வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டும் ஒரே கூரையின்கீழ் நடக்கும் இடம் ஒன்று உண்டு. அமேசான் நிறுவனம் 2005இல் தொடங்கிய மெக்கானிக்கல் டர்க். பல்கலைக்கழக ஆய்வாளர்களின் சர்வேயும் ரசீதைப் பார்த்துத் தட்டெழுதும் வேலையும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் வரும். அமெரிக்கர்களுக்கு அடுத்தபடி அதில் அதிகம் உழைத்தவர்கள் இந்தியர்கள்தாம். 2018இல் கோட்டாரோ ஹாராவும் உடனாய்வாளர்களும் 2,676 தொழிலாளர்களின் 38 லட்சம் வேலைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். இடைநிலை வருமானம் மணிக்குச் சுமார் 2 டாலர். அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலரைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 4 பேர். வேலை தேடுவதற்கும், செய்த பிறகு நிராகரிக்கப்பட்டதற்கும், பாதியில் விட்டதற்கும் போன நேரத்தைச் சேர்த்துப் பார்த்ததால்தான் இந்த எண் வெளியே வந்தது. அதே ஆண்டு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 75 நாடுகளில் 3,500 பேரிடம் நடத்திய ஆய்வும் இதையே வேறு விதமாகச் சொன்னது: கூலி கிடைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூலியில்லாத 20 நிமிடம் சேர்ந்துகொள்கிறது.

வீட்டில் இருந்து சம்பாதிக்கும் யாரும் இந்த 20 நிமிடத்தை எழுதி வைப்பதில்லை. ஒரு நோட்டில் உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் என்று ஒரு மாதம் குறித்து வைத்தால் போதும், எதை விட வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சர்வேக்கு ஆதரவாக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அது துண்டு நேரத்துக்குப் பொருந்தும். குழந்தை தூங்கும் பத்து நிமிடம், பேருந்துக்கு நிற்கும் கால் மணி, மருத்துவமனை வரிசை. இடையில் விட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பில் வேலைக்கு அப்படி முடியாது. ஒரு பில்லின் நடுவே எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் எந்த வரியில் விட்டோம் என்பது மறந்துபோய் அதே பில் இரண்டு முறை ஏறிவிடும். அதற்குக் கணினி வேண்டும், மேசை வேண்டும், தொந்தரவில்லாத இரண்டு மணி நேரம் வேண்டும். நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்குக் கிடைப்பதற்கு அரிதான பொருள் அந்தத் தொடர்ச்சியான இரண்டு மணி நேரம்தான். "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று சொல்லி ஆளாளுக்கு ஒரு வேலை வைப்பார்கள். விளம்பரங்கள் "வீட்டிலிருந்தே" என்பதை வசதியாகக் காட்டுகின்றன. டேட்டா என்ட்ரியைப் பொறுத்தவரை வீடு பல சமயம் தடைதான். கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையும், அந்த நேரத்தில் சமையலறையைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரும் இல்லாத வீட்டில் இந்த வேலை இரவு பத்து மணிக்கு மேல் தள்ளப்படுகிறது. அதனால் வரும் கண் எரிச்சலையும் கழுத்து வலியையும் யாரும் கூலியில் சேர்ப்பதில்லை.

இந்தத் தடையைப் புரிந்துகொண்ட முயற்சிகள் தமிழ்நாட்டிலேயே நடந்தன. சென்னை ஐஐடியின் ஆதரவில் சலோனி மல்ஹோத்ரா தொடங்கிய தேசிக்ரூ, திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடி போன்ற சிற்றூர்களில் மையம் வைத்து உள்ளூர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் டேட்டா என்ட்ரி வேலை கொடுத்தது. நெக்ஸ்ட்வெல்த் நிறுவனம் சேலத்திலும் நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரத்திலும் மையங்களை நடத்துகிறது. வேலையை வீட்டுக்குள் கொண்டுவராமல் வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டு மருத்துவமனைப் பதிவு, காப்பீட்டு விண்ணப்பம் போன்ற ரகசியத் தகவல்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட பூட்டிய அறைகளுக்குத்தான் வரும். யாரென்று தெரியாத ஒருவரின் வீட்டுக் கணினிக்கு எந்த அமெரிக்க மருத்துவமனையும் நோயாளி விவரத்தை அனுப்பாது. "யுஎஸ் கம்பெனி ஃபார்ம் ஃபில்லிங்" என்று வரும் விளம்பரத்தைச் சந்தேகிக்க இந்த ஒரு காரணம் போதும். வீட்டில் செய்யக்கூடிய உண்மையான டேட்டா என்ட்ரி, நடந்துபோய்க் கதவைத் தட்டக்கூடிய தூரத்தில் உள்ள ஆடிட்டரிடமிருந்தோ, அச்சகத்திடமிருந்தோ, பதிப்பாளரிடமிருந்தோதான் பெரும்பாலும் வருகிறது.

இந்த வேலைக்கு ஒரு மரபும் இருக்கிறது. கணினி வருவதற்கு முன்பே தமிழ்நாட்டின் பல ஊர்களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. பத்தாவது முடித்த விடுமுறையில் பெண் பிள்ளைகளை அங்கே சேர்ப்பது வழக்கம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் ஆங்கில லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல். அந்தச் சான்றிதழோடு டிஎன்பிஎஸ்சி எழுதித் தட்டச்சராகப் போனவர்கள் எத்தனையோ குடும்பங்களைத் தூக்கி நிறுத்தினார்கள். விரல் பார்க்காமல் ஓடுவதற்கு ஒரு சமூகமே பயிற்சி எடுத்திருந்தது. கூலியில்லாமலும் அந்த விரல்கள் பெரிய காரியம் செய்தன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்கும் உள்ள தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தாமாகவே தட்டெழுதி இணையத்தில் ஏற்றினார்கள். இன்று நாம் தேடியவுடன் கிடைக்கும் பல நூல்கள் அப்படி வந்தவைதாம். டேட்டா என்ட்ரியைக் கீழான வேலையாகப் பேசுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி ஏமாற்று. ஒப்பிடுவதில் எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி இதுதான். சர்வேயின் பெயரால் நடந்த பெரிய மோசடி ஸ்பீக் ஏசியா. 2010-11இல் சிங்கப்பூர் முகவரியோடு இந்தியாவுக்கு வந்தது. ஆண்டுக்கு 11,000 ரூபாய் கட்டிச் சேர வேண்டும். வாரம் இரண்டு சர்வே, ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாய். ஆண்டுக்கு 52,000 ரூபாய் என்று கணக்குக் காட்டினார்கள். அடுத்தவரைச் சேர்த்துவிட்டால் தனிக் கமிஷன். 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் கட்டினார்கள். 2011இல் அது சரிந்தபோது மோசடித் தொகை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று மும்பை காவல்துறை கணக்கிட்டது. சர்வே எதற்கு, யார் கேட்கிறார்கள், அந்தப் பதிலை யார் விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்ற கேள்வியைச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாரம் 1,000 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்திருக்கும்: புதிதாகச் சேருகிறவரின் 11,000 ரூபாயிலிருந்து. இந்த வகை மோசடி உறவினர், அண்டை வீட்டார் வழியாகப் பரவும். மாமா சேர்ந்தார், அதனால் மைத்துனர் சேர்ந்தார். சரியும்போது பணத்தோடு உறவும் போகும்.

டேட்டா என்ட்ரி மோசடிக்கு உறவினர் தேவையில்லை. அது ஒருவரைத் தனியாகப் பிடிக்கும். போனில் இனிமையாக ஒரு பெண் குரல் பேசும். முன்பணம் எதுவும் வேண்டாம், ஆதார் நகல் மட்டும் அனுப்புங்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள். ஐந்தாறு நாளில் சில நூறு படிவங்களை அவர்கள் தரும் மென்பொருளில் அடித்து முடிக்க வேண்டும். துல்லியம் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. படிவங்கள் மங்கலான படங்களாக வரும். 'எல்'லா 'ஒன்'றா என்று தெரியாதபடிதான் அவற்றைத் தயாரித்திருப்பார்கள். நாள் நெருங்கும்போது மென்பொருள் திறக்காது. முடித்துக் கொடுத்தாலும் துல்லியம் போதவில்லை என்று அறிக்கை வரும். மறுநாள் வக்கீல் என்று சொல்லிக்கொண்டு ஓர் ஆண் குரல்: ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், ஆயிரக்கணக்கில் இழப்பீடு கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட், போலீஸ், வாரண்ட். மாமனாருக்குப் போன் போடுவோம் என்ற மிரட்டலும் கூடவே வரும். பெண்கள் பலர் வீட்டில் சொல்லப் பயந்து, மோதிரத்தை அடகு வைத்துக் கட்டுகிறார்கள்.

சர்வே மோசடி ஆசையைப் பிடித்து இழுக்கிறது. டேட்டா என்ட்ரி மோசடி பிடிப்பது ஒருவரின் நேர்மையை, வேலையைச் சரியாக முடிக்க வேண்டும் என்ற அக்கறையை. ராத்திரி பகலாக உட்கார்ந்து அடித்தவர்தான் இதில் அதிகம் பயப்படுகிறார், தான் நிஜமாகவே தவறு செய்துவிட்டோம் என்று நம்புகிறார். அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: தட்டெழுத்து வேலையை முடிக்காமல் போவது குற்றமல்ல. அதற்காக யாரையும் கைது செய்ய முடியாது. உண்மையாகவே ஒப்பந்தம் இருந்தாலும், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்க முடியும். அதையும் நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். வழக்கு எண்ணும் நீதிமன்ற முத்திரையும் இல்லாமல் வாட்ஸ்அப்பில் வரும் 'நோட்டீஸ்' நீதிமன்றத்தின் காகிதம் அல்ல. பணம் கட்டாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்; மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம்.

இப்போது இரண்டு மோசடிகளும் கலந்து மூன்றாவது ஒன்று பிறந்திருக்கிறது. டெலிகிராமில் சேர்த்து, ஓட்டலுக்கு ஸ்டார் போடு, வீடியோவுக்கு லைக் போடு என்று சின்ன 'டாஸ்க்' கொடுத்து, முதலில் நூறு இருநூறு ரூபாயைக் கையில் காட்டி, பிறகு 'முன்பணம் கட்டினால் பெரிய டாஸ்க்' என்று லட்சக்கணக்கில் உறிஞ்சுகிறார்கள். 2023 டிசம்பரில் மத்திய உள்துறை இத்தகைய பகுதிநேர வேலை மோசடித் தளங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைப் பரிந்துரைத்து முடக்கவைத்தது. குறிவைக்கப்பட்டவர்கள் ஓய்வுபெற்றோர், பெண்கள், வேலையில்லாத இளைஞர்கள் என்று அதன் அறிவிப்பே சொன்னது. அந்தப் பக்கம் உட்கார்ந்து செய்தி அனுப்புகிறவர் யார் என்பது இன்னும் கொடுமை. தாய்லாந்தில் கணினி வேலை, டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகள் மியான்மர், கம்போடிய முகாம்களில் அடைக்கப்பட்டு இந்த மோசடிகளைச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 2022 அக்டோபரில் மியான்மரிலிருந்து மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் சென்னை வந்திறங்கினார்கள். ஏமாற்றும்படி அடைக்கப்பட்டவரையும் ஏமாந்தவரையும் ஒரே வேலையின் பெயரைச் சொல்லித்தான் அழைத்திருக்கிறார்கள்.

மோசடி இல்லாமலேயே செய்யக்கூடாத ஒரு வேலையும் இந்தப் பெயரில் வருகிறது: கேப்சா அடிப்பது. கோணல் எழுத்துப் படத்தைப் பார்த்துத் தட்ட வேண்டும். ஆயிரம் படத்துக்குக் கிடைப்பது ஒரு டாலர்கூட இல்லை. மனிதர்தான் உள்ளே வருகிறார் என்று உறுதிசெய்ய வைத்த பூட்டை, கூலிக்கு ஆள் வைத்து இயந்திரங்களுக்குத் திறந்துவிடும் தொழில் அது. டிக்கெட் பதுக்குகிறவர்களும் போலிக் கணக்கு உருவாக்குகிறவர்களும்தான் அதன் வாடிக்கையாளர்கள். கூலியும் கேவலம், காரியமும் கேவலம்.

செயற்கை நுண்ணறிவு சர்வே, டேட்டா என்ட்ரி இரண்டையும் தாக்கியிருக்கிறது, வெவ்வேறு வழியில். உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கை, வேகமாகத் தேயும் வேலைகளில் டேட்டா என்ட்ரி எழுத்தர் பணியைச் சேர்த்திருக்கிறது. அச்சிட்ட பில்லைக் கணினியே படித்துவிடுகிறது. கையால் கிறுக்கிய பில்லிலும், 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான, தும்பிக்கை வைத்த 'லை', 'ணை' நிறைந்த பழைய தமிழ்ப் புத்தகத்திலும் அது இன்னும் தடுமாறுகிறது. ஆகவே வேலை தட்டுவதிலிருந்து திருத்துவதற்கு நகர்கிறது. அதற்கு இன்னும் கூர்ந்த கண் வேண்டும், கூலியும் அதற்கேற்ப உயர வேண்டும். பெங்களூரின் கார்யா என்ற லாப நோக்கற்ற நிறுவனம், செயற்கை நுண்ணறிவுக்காகத் தங்கள் தாய்மொழியில் பேசிப் பதிவு செய்து தருகிறவர்களுக்கு மணிக்கு ஐந்து டாலர் அளவில் கொடுத்துக் காட்டியது. இப்படியும் கொடுக்க முடியும் என்பதற்கு அது சான்று. சர்வேயில் நகர்வதற்கு இடமே இல்லை. மனிதரைப்போலப் பதில் எழுதும் இயந்திரங்கள் நுழைந்துவிட்டதால், நீங்கள் மனிதர்தானா என்று நிரூபிக்கச் சொல்லும் சோதனைகள்தான் கூடிக்கொண்டே போகின்றன. அதே அரை டாலருக்கு இன்னும் அதிகத் தொல்லை.

சட்டத்தின் கண்ணில் சர்வே எழுதுகிறவர் தொழிலாளி அல்ல. அப்படி ஆக வேண்டிய தேவையும் இல்லை. அவருக்குத் தேவை தன் தகவலின் மீதான பாதுகாப்பு. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்கானது. பில் ஏற்றும் பெண் தொழிலாளிதான். வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இலேயே வந்தது. இந்தியா அதை ஏற்று ஒப்புதல் தரவில்லை. 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வீட்டிலிருந்து வேலை செய்பவரை வரையறுத்திருக்கிறது. தமிழ்நாடு அரசு 2023இல் இணையவழித் தொழிலாளர்களுக்கு நலவாரியமும் அமைத்தது. அதைப் பற்றிய பேச்செல்லாம் உணவு கொண்டுவருபவர், வண்டி ஓட்டுபவர் பற்றியே இருக்கிறது. அவர்களுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கட்டும். கதவுக்குப் பின்னால் இரவு பத்து மணிக்கு மேல் பில் ஏற்றுகிறவரும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

அதுவரை ஒரு தாள் போதும். பில்லுக்கு எவ்வளவு, பிழை வந்தால் எவ்வளவு கழிப்பு, பணம் எந்தத் தேதியில் என்ற மூன்றையும் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது. முதல் முறை கேட்கக் கூச்சமாக இருக்கும். கொடுக்க ஆடிட்டர் அலுவலகம் தயங்கும். ஆனால் 'ஓ'வையும் சைபரையும் யாரையும் கேட்காமல் பிரித்தறியும் ஒருவர் இல்லாவிட்டால் 11ஆம் தேதி அவர்கள் என்ன பாடுபடுவார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.